மூன்று பென்சில் பாட்டரியில் ஒரு கணிப்பொறி



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாக இருக்க வேண்டும் என்று மாணவர் பேரவையிலிருந்து கேட்டிருந்தார்கள். நானும் உங்களைப் போல மின்னணுவியலில் டிப்ளமோ முடித்தவன்தான். வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதுக்க பாட்டரி ஏன் நிக்க மாட்டேங்குது?" கடையில் வைத்து இதற்கு முழுப் பதில் சொல்ல நேரம் வாய்ப்பதில்லை. மலரில் பக்கம் கிடைத்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லப் போனால் நம் நாட்டில் பிறந்த ஒரு சின்னக் கணிப்பொறியின் கதையையும் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் சிம்ப்யூட்டர்.

உங்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன் வந்த சங்கதி. 1998 அக்டோபரில் பெங்களூரில் 'குளோபல் வில்லேஜ்' என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எப்படிப் பயன்படும் என்பதுதான் பேச்சு. விலை குறைந்த, பல மொழி தெரிந்த, கிராமத்து மனிதரும் கையாளக் கூடிய ஒரு கையடக்கக் கணிப்பொறி வேண்டும் என்ற யோசனை அங்கேதான் எழுந்தது. 1999 நவம்பரில் இதற்கென்றே சிம்ப்யூட்டர் அறக்கட்டளை உருவாயிற்று. மொத்தம் ஏழு பேர். இந்திய அறிவியல் கழகத்திலிருந்து சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகிய நால்வர். என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்திலிருந்து வினய் தேஷ்பாண்டே, சஷாங்க் கார்க், மார்க் மத்தியாஸ் ஆகிய மூவர். 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவியை உலகுக்குக் காட்டினார்கள்.

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. கீபோர்டு கிடையாது. 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட தொடுதிரை. குச்சியால் தொட வேண்டும். உள்ளே இன்டெல்லின் ஸ்ட்ராங்-ஆர்ம் சில்லு, வேகம் 206 மெகாஹெர்ட்ஸ். 32 மெகாபைட் நினைவகம். ஹார்டு டிஸ்க் இல்லை, அதன் இடத்தில் ஃப்ளாஷ் மெமரி. இயங்குதளம் லினக்ஸ். ஸ்மார்ட் கார்டு நுழைக்க ஒரு வழியும் உண்டு. என்னைக் கேட்டால் அந்தக் கார்டுதான் அதில் மிக அழகான யோசனை. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்க முடியாது. ஊருக்கு ஒன்று வாங்கலாம் அல்லவா? பெட்டி பொது, கார்டு தனி. அவரவர் விவரம் அவரவர் சட்டைப் பையில். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குப் பெட்டியே வாசித்துக் காட்டும்.

இத்தனைக்கும் மின்சாரம் எங்கிருந்து? மூன்று ட்ரிபிள்-ஏ பாட்டரி. டி.வி. ரிமோட்டில் போடுகிறோமே, அதே மெலிந்த பென்சில் பாட்டரிதான்.

அது எப்படி முடிந்தது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரும்பச் சார்ஜ் ஏற்றும் ட்ரிபிள்-ஏ பாட்டரி ஒன்று 1.2 வோல்ட், சுமார் 750 மில்லி ஆம்பியர்-மணி. மூன்றைத் தொடராக இணைத்தால் 3.6 வோல்ட், ஆம்பியர்-மணி மாறாது. பெருக்கினால் 2.7 வாட்-மணி. மொத்தக் கையிருப்பே அவ்வளவுதான். அதே 2001-ல் மேசை மேல் இருந்த பெண்டியம்-4 கணிப்பொறியின் சில்லு மட்டுமே ஐம்பது வாட்டுக்கு மேல் இழுக்கும். இந்த மூன்று பாட்டரியையும் அதனிடம் கொடுத்தால் மூன்று நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். (அந்த வேகத்தில் கொடுக்கப் பென்சில் பாட்டரியால் முடியாது என்பது வேறு விஷயம்.) ஸ்ட்ராங்-ஆர்மோ முழு மூச்சாக ஓடும்போதும் அரை வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். திரை, நினைவகம் எல்லாம் சேர்த்து ஒரு வாட் என்று வைத்தாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

வித்தியாசம் எங்கே வருகிறது? டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சீமாஸ் சுற்றில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் மாறும்போது ஒரு சின்னக் கெப்பாசிட்டர் நிரம்பி வடிகிறது. செலவாகும் மின்திறன் அந்தக் கெப்பாசிட்டன்ஸையும், வோல்டேஜின் வர்க்கத்தையும், அதிர்வெண்ணையும் பெருக்கிய அளவுக்கு ஏறும். இதில் 'வர்க்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் செலவு பாதியாகும். வோல்டேஜைப் பாதியாக்கினால் கால்வாசியாகிவிடும். ஆக, சில்லு சிறியதாக இருக்க வேண்டும், குறைந்த வோல்டேஜில் ஓட வேண்டும், தேவைக்கு மேல் வேகம் கூடாது. ஆர்ம் வகைச் சில்லுகளின் குணமே இதுதான்.

ஆர்ம் பற்றி ஒரு வேடிக்கையான உண்மைச் சம்பவம் உண்டு. 1985 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனத்துக்கு முதல் ஆர்ம் சில்லு வந்து சேர்ந்தது. அதை வடிவமைத்தவர்கள் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர். போர்டில் செருகினார்கள், புரோகிராம் ஓடியது. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஃபர்பர் மீட்டர் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டுகிறது! பிறகுதான் தெரிந்தது, போர்டில் சில்லுக்கு வரும் சப்ளையே இணைந்திருக்கவில்லை. மற்ற பின்களில் வரும் சிக்னல்களிலிருந்து, பாதுகாப்பு டயோடுகள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே சில்லு ஓடியிருக்கிறது. சப்ளை கொடுக்காமலே ஓடிய சில்லு என்று வேறு எதைச் சொல்ல முடியும்?

சரி, சில்லு சிக்கனமாக இருந்தால் போதுமா? போதாது. பாட்டரியைத் தின்பதில் மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. கடைக்கு வருகிறவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். வேலை இல்லாத நேரத்தில் சில்லைத் தூங்கவிட வேண்டும். நாம் ஓர் எழுத்து அடித்து அடுத்த எழுத்து அடிப்பதற்குள் அது லட்சக் கணக்கான கட்டளைகளை முடித்துவிட்டு வெறுமனே காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் தூங்கலாம். ஆனால் பழைய லினக்ஸில் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு: வினாடிக்கு 100 தடவை, பிறகு பி.சி.களில் 1000 தடவைகூட, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில்லைத் தட்டி எழுப்பும். தூங்குகிறவனை நிமிஷத்துக்கு நாலு தரம் உசுப்பி, "தூங்குறியாடே?" என்று கேட்டால் அவன் எங்கே தூங்குவது?

2007-ல் வந்த 2.6.21 பதிப்பில் இந்தத் துடிப்பை, சும்மா இருக்கும் நேரத்தில் நிறுத்திவைக்க வழி செய்தார்கள். அப்போது வேறொரு குட்டு வெளிப்பட்டது. துடிப்பை நிறுத்தியும் சில்லு தூங்கவில்லை! ஏன்? அதே ஆண்டு 'பவர்டாப்' என்ற சிறு புரோகிராம் வெளியாயிற்று. எந்த மென்பொருள் வினாடிக்கு எத்தனை தடவை சில்லை எழுப்புகிறது என்று அது பட்டியல் போட்டுக் காட்டிவிடும். மின்னும் கர்சர், மெயில் வந்ததா என்று ஓயாமல் எட்டிப் பார்க்கும் புரோகிராம், சும்மா கிடக்கும் சவுண்டு கார்டைத் தடவிக்கொண்டிருக்கும் இன்னொன்று என்று குற்றவாளிகள் வரிசையாக அகப்பட்டார்கள். மூல நிரல் திறந்து கிடந்ததால் யார் யாரோ அதைப் பிரித்து, இரண்டு வரி மூன்று வரி திருத்தி அனுப்பினார்கள். பாட்டரி நேரம் கூடியது. மூடிய மென்பொருளாக இருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்தாலும் கம்பெனிக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கருவிக்கும் திறந்த மூல மென்பொருளுக்கும் உள்ள சம்பந்தம் வெறும் விலை சம்பந்தம் இல்லை. மில்லி வாட் மில்லி வாட்டாகச் சேமிக்க வேண்டுமானால், அடித்தளம் வரைக்கும் கை வைக்கும் உரிமை வேண்டும்.

சிம்ப்யூட்டர் ஆட்கள் இந்த உரிமையை வன்பொருளுக்கும் நீட்டப் பார்த்தார்கள். மென்பொருளுக்கு ஜி.பி.எல். என்ற உரிமம் ஏற்கெனவே இருந்தது: பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் கொடுக்கும்போது மூல நிரலையும் கொடுக்க வேண்டும். அதே பாணியில் கருவியின் வரைபடத்துக்கு எஸ்.ஜி.பி.எல். என்று ஓர் உரிமம் எழுதினார்கள். கருவியைச் செய்து விற்க விரும்பும் நிறுவனம் கட்டணம் கட்ட வேண்டும். ஏதேனும் மாற்றம் செய்து மேம்படுத்தினால் சிறிது காலம் அதன் லாபத்தை அனுபவித்துவிட்டு, பிறகு அதை எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் பாதிதான் திறந்த கதவு என்பது என் அபிப்பிராயம். கட்டணம் என்று வந்ததும் சின்னப் பட்டறைக்காரன் வெளியே நின்றுவிடுகிறான்.

வடசேரி என்று அது எப்படி வாசிக்கும்?

பெட்டியே வாசித்துக் காட்டும் என்றேன். அதைச் செய்தது 'த்வனி' என்ற மென்பொருள். ரமேஷ் ஹரிஹரன் முன்னின்று உருவாக்கியது. எழுத்தை ஓசைகளாகப் பிரிக்கும். பதிவு செய்து வைத்திருக்கும் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளை எடுத்துத் தொடுத்துப் பேசும். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இந்திய மொழிகளுக்கு இது சுலபம், எழுதுவதைத்தானே வாசிக்கிறோம் என்று நினைப்பீர்கள். தமிழில் அவ்வளவு சுலபம் இல்லை.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வடசேரி'யில் வரும் 'ட', 'வட்டம்' என்பதில் வரும் 'ட' போல அழுத்தமாக இல்லை, இளகி ஒலிக்கிறது. 'சே' கிட்டத்தட்ட 'ஸே' ஆகிவிடுகிறது. 'பச்சை'யில் வரும் ச வேறு, 'மஞ்சள்' ச வேறு. ககரமும் அப்படியே: 'பக்கம்', 'தங்கம்', 'மகன்' மூன்றையும் சொல்லிப் பாருங்கள், மூன்று ஓசை. எழுத்து ஒன்றே. இதற்கு விதி எழுதலாம். இரட்டித்தால் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் வந்தால் இளகிய ஓசை, இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் காற்றோடு கலந்த ஓசை. 'மார்கழி'யில் ர்-க்குப் பின் வரும் க இளகுகிறது, அதையும் விதியில் சேர்த்துக்கொள்வோம். இப்போது பொறியிடம் 'நாகர்கோவில்' என்று கொடுங்கள். ர்-க்குப் பின் க வருகிறதே என்று 'கோ'வையும் இளக்கி வாசித்துவிடும்! நாகர் வேறு, கோவில் வேறு, இரண்டு சொல் ஒட்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. பெங்களூரில் இருக்கும் இன்ஜினியருக்கும் தெரிய நியாயமில்லை. நாகர்கோவில்காரன் ஒருவன் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை விதிவிலக்காகச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு நிரல் திறந்திருக்க வேண்டும்.

த்வனி திறந்திருந்தது, ஜி.பி.எல். உரிமத்தில். அதனால் நடந்தது என்ன தெரியுமா? சிம்ப்யூட்டர் பேச்சு அடங்கிய பிறகும் த்வனி அடங்கவில்லை. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் அதை எடுத்துப் பராமரித்து, சாதாரண லினக்ஸ் கணிப்பொறிகளில் ஓடும்படி வளர்த்தார். மலையாளம், தமிழ் உட்படப் பல இந்திய மொழிகள் அதில் சேர்ந்தன. பெட்டி போய்விட்டது, குரல் மிஞ்சியது.

பெட்டி ஏன் போயிற்று? மாதிரி வெளியான 2001-க்கும் கடையில் கிடைக்கும் பொருளாக வந்த 2004-க்கும் இடையே மூன்று வருடம் ஓடிவிட்டது. பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபேட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து 2004 ஏப்ரலில் 'அமிடா சிம்ப்யூட்டர்' கொண்டுவந்தன. குறைந்த விலை 9,950 ரூபாய். கையில் பிடித்துச் சாய்த்தால் பக்கம் புரளும் வசதி அதில் இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்று வருடம் முன்னால்! ஆனாலும் ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 2005 வரை நாலாயிரம்கூட விற்கவில்லை. அதே காலத்தில், 2003-ல் வந்த நோக்கியா 1100 வடசேரிச் சந்தையில் மீன் விற்கிறவர் மடி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு லினக்ஸ் தெரியாது, வாசித்துக் காட்டத் தெரியாது. பேசலாம், டார்ச் அடிக்கலாம், ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்கும். வாங்கிய அன்றே வேலை செய்தது. சிம்ப்யூட்டருக்கோ, அதில் பார்ப்பதற்கு அரசாங்கம் விவரங்களைப் போட வேண்டும், யாராவது பயிற்சி தர வேண்டும், மொத்தமாகக் கொள்முதல் நடக்க வேண்டும். கிராமத்துக்காரனை அதுவரை காத்திரு என்றால் எப்படி?

தோற்ற கதையை இவ்வளவு நீளமாக ஏன் சொல்கிறேன் என்றால், அதன் அடுத்த அத்தியாயம் உங்கள் கையில் வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கிடைத்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸ்-7 ஸ்டார்ட்டரோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கியது, முதல் பதிப்பு 2007. அப்போது என் கடைக்கு வந்த பையன்கள் எல்லோரும் ஒரே வேலைக்குத்தான் வந்தார்கள்: "அண்ணே, இந்த பாஸைத் தூக்கிடுங்க, படம் ஏத்த இடம் பத்தல." பணம் வாங்கிக்கொண்டு தூக்கியும் கொடுத்தேன், தொழில் ஆயிற்றே.

விண்டோஸ்-7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. சென்ற வருடம் ஒரு மாணவி, டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, அப்படி ஒரு லேப்டாப்பைத் துணிப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். "எனக்க அண்ணனுக்குக் கிடச்சது அண்ணே. வேற ஒரு கடையில காட்டினோம், எடைக்குப் போடச் சொல்லிட்டாவ. எனக்கு சி புரோகிராம் அடிச்சுப் பழகணும், அவ்வளவுதான். புதுசு வாங்க வீட்டுல வழியில்ல." இரண்டு ஜி.பி. ராம். பாட்டரி செத்துக் கிடந்தது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று மாட்டினேன், பாரம் குறைந்த திரைச்சூழலோடு டெபியன் லினக்ஸ் ஏற்றினேன். பிறகு பவர்டாப்பை ஓட்டி, தேவையில்லாமல் விழித்திருந்தவற்றை அவளை விட்டே ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னேன். விசிறிச் சத்தம் அடங்குவது அவளுக்கே கேட்டது. அந்த லேப்டாப் இன்றும் ஓடுகிறது. எடைக்குப் போட்டிருந்தால் இருநூறு ரூபாய்.

இன்று நிலைமை சிம்ப்யூட்டர் காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. அன்று சில்லு இன்டெல்லினுடையது, அதற்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. இப்போது ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதி, அதாவது சில்லுக்குப் புரியும் மொழி, எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி குழுவினர் இதை வைத்து 'சக்தி' சில்லுகளை வடிவமைத்தார்கள். 2018-ல் ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும் மற்றொன்று சண்டிகரிலும் அச்சாகி வந்தது. வடிவமைப்பின் மூலமே திறந்து கிடக்கிறது. நமக்கு இன்னும் பக்கம், வடசேரியில் பஸ் ஏறினால் போய்விடலாம், திருவனந்தபுரம். அங்குள்ள சி-டாக், இதே கட்டளைத் தொகுதியில் 'வேகா' வரிசைச் சில்லுகளைச் செய்திருக்கிறது. அவற்றில் ஒன்றான 'தேஜஸ்-32' பொருத்திய 'ஏரிஸ்' போர்டுகளை ஆர்டுயினோ மென்பொருளிலிருந்தே புரோகிராம் செய்யலாம். 100 மெகாஹெர்ட்ஸ், 256 கிலோபைட் நினைவகம். லினக்ஸ் ஓடாது, ஆனால் கைப்பிடிக் கருவிக்குத் தாராளம்.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் என்று வந்ததும் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு ரெடிமேடாக வாங்கி, ரிப்போர்ட்டையும் பைண்டு செய்து வாங்கி, வைவாவில் முழிக்கிற கூத்து நமக்குத் தெரியாததா? மூடிய பெட்டியை வாங்கிக் காட்டுவதற்கு மூன்று வருடம் படிக்க வேண்டாம். பதிலாக இதைச் செய்து பாருங்கள். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ டோக்கன் எண்ணைத் தமிழில் கூப்பிடும் பெட்டி. எண் பலகையை வாசிக்க முடியாத பாட்டிக்கும் கேட்கும், கரண்ட் போனாலும் பாட்டரியில் ஓடும்.

1 முதல் 99 வரை பேச 99 பதிவு தேவையில்லை. ஒன்று முதல் பத்தொன்பது வரை 19 துண்டு. இருபது, முப்பது எனத் தொண்ணூறு வரை 8. முப்பதும் ஏழும் சேர்ந்தால் 'முப்பத்தேழு' ஆகிறது, ஆகவே 'இருபத்து', 'முப்பத்து' போன்ற ஒட்டு வடிவங்கள் இன்னொரு 8. 'டோக்கன்' என்ற சொல் ஒன்று. மொத்தம் 36. ஒவ்வொன்றும் அரை வினாடி, வினாடிக்கு 8000 மாதிரி, மாதிரிக்கு ஒரு பைட் என்றால் துண்டுக்கு 4 கிலோபைட், எல்லாம் சேர்த்து 144. அந்த 256-க்குள் புரோகிராமுக்கும் இடம் விட்டு அடங்கிவிடும். துண்டுகள் ஒட்டும் இடத்தில் 'முப்பத்து-ஏழு' என்று தனியாகத் தட்டும். 'முப்பத்து' பதிவின் கடைசி உகரத்தை வெட்டினால் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு வெட்டுவது என்பதைக் காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டனை யாரும் அழுத்தாத நேரம் முழுக்கச் சில்லைத் தூங்கவிடுங்கள். பட்டனை லூப்பில் போட்டு ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், இன்டரப்ட் வைத்து எழுப்புங்கள். மல்டிமீட்டரைப் பாட்டரியோடு தொடரில் இணைத்து, பேசும்போது எத்தனை மில்லி ஆம்பியர், தூங்கும்போது எத்தனை என்று இரண்டையும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தூங்கும்போதும் ஊசி இறங்கவில்லை என்றால் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் விழித்துக்கொண்டிருக்கும். ஒரு டிரான்சிஸ்டர் போட்டு அதன் சப்ளையைத் தனியாக வெட்டிவிடலாம்.